இரண்டாவது வக்கீல்

பதினாலாம் நம்பர் உள்ள போயாச்சு. இன்னும் ரெண்டு, அப்புறம் நாங்க, பதினேழு. கோர்ட்டு டவாலி அந்த வாசல்ல வந்து நின்னு மங்கையர்க்கரசி, குணசீலன்னு மூணு தடவை கத்துவார், ரெண்டு பேரையும் ஒரே மூச்சுல, கல்யாணப் பத்திரிகையில போட்ட மாதிரி, பிரிக்கிறதுக்குக்கூட சேர்த்துத்தான் கூப்பிடணும் போல. ஐயோ சிரிப்பு வருது, சிரிக்கக்கூடாது, பக்கத்துல ஒரு பொண்ணு அழுதுட்டு இருக்கா. ஆனா எனக்குக் கையும் ஓடல காலும் ஓடல, இன்னைக்கு முடிஞ்சிடும், ஆறு மாசத்துக்கு முன்னாடி மனு குடுத்தோம், யோசிச்சுட்டு வாங்கன்னு சொல்லி அனுப்பிச்சாங்க, என்ன யோசிக்கிறது, யோசிச்சுத்தானே வந்தோம், இன்னைக்கு ஜட்ஜம்மா ஒரு கேள்வி கேப்பாங்க, சம்மதமா, சம்மதம், அவ்வளவுதான். அப்புறம் அயர்லாந்து. ஒரு பெரிய ஆஸ்பத்திரி, எனக்கு வேலை குடுத்துட்டாங்க, பதினஞ்சு வருஷம் திருச்சியில ஆபரேஷனுக்கு முந்தின வார்டுல நர்ஸா நின்ன காலு இது, இனிமே அந்த ஊர் குளிர்ல நிக்கட்டும். என் பொண்ணு மிதுவுக்கு ஸ்வெட்டர்கூட வாங்கிட்டேன், ஊதா கலர், இந்த ஊர் வெயில்ல அதைப் போட்டுட்டு வீட்டுக்குள்ள நடக்கிறா, வேர்த்து ஊத்துது, கழட்ட மாட்டேங்கிறா. ஒன்பது வயசு. நாலாங்கிளாஸ். இன்னேரம் கணக்கு பீரியடா இருக்கும். பதினாலு இன்னும் வெளிய வரலை, உள்ள என்னதான் பண்றாங்களோ, சண்டை போல, எங்களுக்கெல்லாம் சண்டையே கிடையாது, அஞ்சு நிமிஷ வேலை.

அதோ உக்காந்திருக்கார் பாரு, கடைசி பெஞ்சுல, ரயில்வே ஐடி கார்டைக்கூடக் கழுத்திலருந்து கழட்டாம, ரெண்டு கையையும் தொடையில வெச்சுக்கிட்டு. குணசீலன். பேருக்கு ஏத்த மனுஷன், சும்மா சொல்லக்கூடாது, குடி கிடையாது, கை நீட்டினது கிடையாது, ஒரு அதட்டல் கிடையாது, அதுதான் பிரச்சினைன்னு சொன்னா யார் நம்புறாங்க, எங்க அம்மாவே நம்பலை. எதைச் சொன்னாலும் சரி. வாடகை வீட்டை மாத்தலாமா, சரி. மாத்த வேணாமா, சரி. மிதுவை இந்த ஸ்கூல்ல சேக்கலாமா, சரி. நான் நைட் டியூட்டிக்கு மாறிக்கட்டுமா, சரி. ஒரு தடவை வேணும்னே, இனிமே நம்ம வீட்ல உப்பே போட்டுச் சமைக்கப் போறதில்லைன்னு சொல்லிப் பாத்தேன், சரின்னுட்டு மூணு நாள் தின்னாரு! எனக்குத்தான் தாங்கலை, நாலாவது நாள் கல்லுப்பை அள்ளிப் போட்டேன். சுவத்தைப் பாத்துப் பேசினாக்கூட எதிரொலியாவது வரும். போன வருஷத்துக்கு முந்தின வருஷம் நான் அம்மா வீட்டுக்கு வந்துட்டேன், அதுக்கும் சரி. போன்ல, நாம பிரிஞ்சிடலாங்கன்னு சொன்னேன், ஏன்னு ஒரு வார்த்தை கேப்பாரு, கேக்கட்டும், கேட்டா என்ன சொல்றதுன்னு ரெண்டு ராத்திரி யோசிச்சு வெச்சிருந்தேன். சரி, எந்த நாள் லீவு போடணும்னு கேட்டார். எந்த நாள் லீவு போடணும்! போனை வெச்சுட்டு அழுதேன், அப்புறம் அழுததுக்காக என் மேலேயே கோபம் வந்துது, இவருக்குப் போயி அழுவனா.

பதினாலு வந்துடுச்சு வெளிய, ரெண்டு பேரும் ஆளுக்கொரு பக்கம் போறாங்க. பதினஞ்சு. சரி, வக்கீலம்மா எங்க, அதோ, அவர் பக்கத்துல போயி நிக்கிறாங்க, மிது விஷயமா புதுசா எழுதின மெமோவைக் காட்டப் போறாங்க. வக்கீலே வேணாம்னுதான் இருந்தோம். சண்டை இல்லாத இடத்துல வக்கீல் எதுக்கு, கோர்ட்டுக்கு எதிர்ல டைப்பிங் சென்டர்ல ரெடிமேடா ஒரு மனு வெச்சிருக்கான், பேரை மாத்தி அடிச்சுக் குடுத்தான், குழந்தை தாயின் பொறுப்பில் இருக்கும்னு ஒரே ஒரு வரி, போதும்னு நினைச்சேன். போன மாசம் வேலைக்கு அனுப்புற ஏஜென்சிக்காரங்க அதைப் பாத்துட்டு, இது பத்தாது சிஸ்டர், வெளிநாடு கூட்டிட்டுப் போகலாம்னு கோர்ட்டு உத்தரவுல தெளிவா இருக்கணும், இல்லாட்டி தகப்பனார் ஒவ்வொண்ணுக்கும் கையெழுத்துப் போடணும்னு சொன்னாங்க. பகீர்னுச்சு. அப்பத்தான் வக்கீல் ஜெரால்டின் மேரியைத் தேடிப் பிடிச்சேன், எங்க வார்டுல பித்தப்பைக்கு வந்து படுத்திருந்தாங்க, நான்தான் கவனிச்சுக்கிட்டேன். அவங்க எழுதினாங்க: 'மகள் மிருதுளாவைத் தாய் நிரந்தரமாக அயர்லாந்து நாட்டுக்கு அழைத்துச் செல்வதற்கும், பாஸ்போர்ட், விசா ஆகியவற்றுக்குத் தாயின் கையெழுத்து மட்டும் போதும் என்பதற்கும் தந்தைக்கு ஆட்சேபணை இல்லை.' நிரந்தரமாகன்னு போடணுமா மேடம்னு கேட்டேன். பின்ன, தற்காலிகமாவா போறீங்கன்னு கேட்டாங்க. அது இல்ல. அது இல்ல விஷயம். நான் அவர்கிட்ட அப்படிச் சொல்லலை. வெளிநாட்டு வேலை கிடைச்சிருக்குங்க, மிதுவுக்கும் நல்லதுன்னு சொன்னேன், சரின்னார். மிதுவுக்கும் நல்லதுன்னா என்ன அர்த்தம்னு அவர் கேக்கலை, நான் சொல்லலை. கேக்காதவர்கிட்ட போயி எதுக்குச் சொல்றது? ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை வந்து மிதுவைக் கூட்டிட்டுப் போவார், சாயங்காலம் டாண்ணு ஆறு மணிக்குக் கொண்டாந்து விடுவார், ஒரு நிமிஷம் முன்ன பின்ன கிடையாது. என்னடி பண்ணீங்கன்னு கேட்டா, சும்மா ரயில் பாத்தோம்மான்னு சொல்லும். நாலு மணி நேரம் ரயில் பாப்பாங்களா?

என்ன இது, கையெழுத்துப் போட வந்தவர் கையிலருந்து வக்கீலம்மா பேப்பரைப் பின்னாடி இழுக்கிறாங்க! அவர் பேனாவை எடுத்துட்டார், நல்லாத் தெரியுது, எங்க போடணும்னு வாய் அசையுது, இவங்க எதுக்கு இழுக்கிறாங்க, என் வக்கீலா அவர் வக்கீலா? வராங்க. 'மங்கை, அவரைப் படிக்கச் சொன்னேன். மங்கை சொன்னாச் சரி மேடம்ங்கிறார். இதுல என்ன இருக்குன்னு உங்க வாயால சொல்லுங்க சார்னேன், குழந்தை அவங்ககிட்ட இருக்கும்னு மட்டும் சொல்றார். நான் உங்க வக்கீல், அவருக்கு விளக்கம் சொல்ல வேண்டியது நான் இல்ல. அவருக்குன்னு ஒருத்தர் வேணும்.' எனக்கு வந்துது பாரு கோபம். சண்டையே இல்லாத கேஸுக்கு ஒரு வக்கீலே ஜாஸ்தி, இதுல ரெண்டாவது வேறயா? படிச்ச மனுஷன் மேடம், டிப்ளமா முடிச்சிருக்கார்னேன். அவங்க குரலை உயர்த்தாம சொல்றாங்க, 'நாளைக்கு அவர் வேற யாரையாவது பாத்து, எனக்கு ஒண்ணுமே தெரியாது, அவங்க வக்கீல் நீட்டின பேப்பர்ல போட்டேன்னு மனு போட்டார்னா, உங்க அயர்லாந்து பாதி வழியில நிக்கும். உங்களுக்காகத்தான் சொல்றேன்.' போடமாட்டார் மேடம், அவர் போடவே மாட்டார், அவரை எனக்குத் தெரியும், பன்னெண்டு வருஷம்! பதினஞ்சு முடிஞ்சிடுச்சு, பதினாறு போகுது, இனிமே வாய்தா கீய்தான்னு தள்ளிப் போனா வேலையில சேருற தேதி போச்சு, எல்லாம் போச்சு. குடுங்க மேடம் நான் வாங்கிட்டு வரேன்னு அவங்க கையிலருந்து வாங்கிட்டேன், பிடுங்கிட்டேன்னே சொல்லணும். விறுவிறுன்னு போனேன். என்னங்க, இதுல ஒரு கையெழுத்து. எங்க போடணும் மங்க? இங்க. போட்டார். அவ்வளவுதான், பத்து செகண்டு. பாத்தீங்களா மேடம்?

ஆனா எங்க போடணும்னு கேட்டாரே, அந்தக் கேள்வி. தினம் கேக்கிற கேள்வி அது. எங்க சிஸ்டர் போடணும்? ஆபரேஷனுக்கு முன்னாடி சொந்தக்காரங்க பேனாவைத் தூக்கிட்டு ஓடி வருவாங்க, எங்க சிஸ்டர், எங்க. நான் குடுக்கவே மாட்டேன் அந்தப் படிவத்தை. என் வார்டுல அது ஒரு சட்டம். முதல்ல என்ன ஆபரேஷன்னு நீங்க எனக்குச் சொல்லுங்க, எந்தப் பக்கம், என்ன எடுக்கிறாங்க, எடுத்தா திரும்ப வருமா வராதா, உங்க வாயால சொல்லுங்க, அப்புறம் கையெழுத்து. டாக்டருங்களே என்மேல எரிஞ்சு விழுவாங்க, லேட்டாகுது மங்கைன்னு. ஆகட்டும் சார். ஒரு தடவை ஒரு ஆளு, பொண்டாட்டிக்குக் கர்ப்பப்பையை எடுக்கிறாங்கன்னு தெரியாமலே, கட்டின்னு நினைச்சுப் போட வந்தான், நான் கேட்டதுனால தப்பிச்சுது, அந்தப் பொண்ணுக்கு இருபத்தெட்டு வயசு. அதை நான் எத்தனை ட்ரெயினிங் பிள்ளைங்களுக்குச் சொல்லியிருப்பேன். அடச்சே, இதெல்லாம் எதுக்கு இப்ப ஞாபகம் வருது. அது ஆஸ்பத்திரி, இது கோர்ட்டு. அது வேற இது வேற. எடுத்தா திரும்ப வருமா வராதா. வாயை மூடு மங்கை. மங்கையர்க்கரசி, குணசீலன்! கூப்பிட்டாச்சு, மங்கையர்க்கரசி, குணசீலன்! வரோம் வரோம், எத்தனை தடவை.

உள்ள சின்ன ரூம்தான், நான் என்னவோ பெருசா நினைச்சிருந்தேன் முதல் தடவை. ஜட்ஜம்மா கண்ணாடியை நெத்திக்கு ஏத்திட்டு மெமோவைப் படிக்கிறாங்க, முழுசாப் படிக்கிறாங்க, ஒவ்வொரு வரியாப் பேனா போகுது. நான், அவர், நடுவுல ஒரு முழம் இடம், அவர்கிட்டருந்து அந்த ரயில்வே பட்டறை கிரீஸ் வாசனை லேசா வருது, எவ்வளவு சோப்பு போட்டாலும் போகாது. நீங்க சொல்லுங்கம்மா, யாராவது வற்புறுத்தினாங்களா? இல்லைங்கம்மா. சம்மதமா? சம்மதம். நீங்க சொல்லுங்க குணசீலன், இதைப் படிச்சீங்களா, இதுல இருக்கிறதுக்கெல்லாம் உங்களுக்குச் சம்மதமா? சரிங்கம்மா, அப்படின்னார். அந்தக் குரல். முடிஞ்சுது, முடிஞ்சே போச்சு, ஜட்ஜம்மா பேனாவைத் திருப்பிப் பிடிக்கிறாங்க, எனக்கு உடம்பெல்லாம் ஜிவ்வுனு ஏறுது, விமானம், ஸ்வெட்டர், மிது, எல்லாம் என் கையில, 'அம்மா, அவர் படிக்கலைம்மா.' யார் பேசினது? நான்தான். என் வாய்தான். 'படிக்கலைம்மா அவர், நான் நீட்டினேன், போட்டுட்டார். அவருக்கு யாரும் எடுத்துச் சொல்லலை.' ஜட்ஜம்மா என்னைப் பாத்தாங்க. வக்கீலம்மா கண்ணை மூடிக்கிட்டாங்க. அவர் என்னைத் திரும்பிப் பாத்தார், முழுசாப் பாத்தார், கல்யாணத்தன்னைக்குக்கூட அப்படிப் பாத்ததில்லை. மதியத்துக்கு மேல மறுபடி கூப்பிடறேன், அதுக்குள்ள கீழ இலவச சட்ட உதவி மையத்துல இவருக்கு ஒரு வக்கீலைப் பாருங்கன்னு சொல்லிட்டு அடுத்த கேஸ் கட்டை எடுத்துட்டாங்க.

பைத்தியக்காரி. பைத்தியக்காரி. பைத்தியக்காரி. கையில விழுந்ததைக் கீழ போட்டவ இந்த உலகத்துலேயே நீ ஒருத்திதான்டி. கேன்டீன்ல எலுமிச்சை சாதம் வாங்கி வெச்சுட்டு உக்காந்திருக்கேன், ஒரு வாய் இறங்கலை. வக்கீலம்மா எதிர்ல உக்காந்து அவங்க பொட்டலத்தை நிதானமாச் சாப்பிடுறாங்க, ஒரு வார்த்தை திட்டலை, திட்டினாத் தேவலை. மேடம், நான் தப்பு பண்ணிட்டனா? 'நான் ஆரம்பத்துலேயே பண்ணச் சொன்னதை நீங்க லேட்டாப் பண்ணியிருக்கீங்க,' அப்படின்னுட்டு ஊறுகாயை வழிச்சாங்க. ஜன்னல் வழியா அந்த சட்ட உதவி ரூம் கதவு தெரியுது, பச்சைக் கதவு. உள்ள என்ன நடக்குது? சபியுல்லான்னு ஒரு வக்கீலாம், தாடிக்கு மருதாணி போட்டவர், உள்ள போகும்போது பாத்தேன். அவர் வரி வரியாப் படிச்சுச் சொல்லுவார், நிரந்தரமாகன்னு வரும், அப்ப இவர் முகம் எப்படிப் போகும்? எனக்குப் பயமா இருக்கு, சொல்லிட்டேன், பயமா இருக்கு. ஆனா பயம் மட்டும் இல்ல. இது என்னன்னே தெரியலை, பரீட்சை ரிசல்ட்டுக்கு முன்னாடி வருமே, அந்த மாதிரி குறுகுறுங்குது. அவர் என்ன சொல்லுவார்னு எனக்குத் தெரியலை. பன்னெண்டு வருஷத்துல முதல் தடவையா அவர் அடுத்து என்ன சொல்லுவார்னு எனக்குத் தெரியலை! அதுக்குப் போயி ஒருத்தி சந்தோஷப்படுவாளா? கதவு திறக்குது. எந்திரிச்சுட்டேன். சாதத்தை அப்படியே விட்டுட்டேன்.

'முடியாது மங்க.' வராந்தாவுல வந்து நின்ன உடனே முதல் வார்த்தை அதான். என்னங்க முடியாது? 'இதுல எழுதியிருக்கிறது முடியாது.' காலையில கையெழுத்து போட்டீங்களே! 'நீ நீட்டின, போட்டேன். நிரந்தரமாகன்னு நீ எனக்குச் சொல்லவே இல்ல.' நீங்க கேட்டீங்களா? பன்னெண்டு வருஷம் வாயில என்ன கொழுக்கட்டையா வெச்சிருந்தீங்க? கத்திட்டேன் போல, பெஞ்சுல எல்லாரும் திரும்புறாங்க, திரும்பட்டும். அவரும் கத்துறார், குணசீலன் கத்துறார்! 'நீ எப்பப் பேச விட்ட? கேள்வியும் நீயே கேப்ப, பதிலும் நீயே சொல்லுவ, கடைசியில சரியான்னு மட்டும் கேப்ப. சரின்னு சொல்லாம என்ன சொல்றது? உப்பு போடலைன்னப்போ உனக்கு பிரஷருன்னு நினைச்சேன்டி நான்!' டி போட்டார். என்னை டி போட்டார், எனக்கு ஆத்திரமும் சிரிப்பும் ஒண்ணா வருது, கண்ணுல தண்ணி வேற. சபியுல்லா சார் நடுவுல கையை நீட்டினார். 'அம்மா, அரை மணி நேரம் இவர் ஒண்ணுமே பேசலை. உங்களுக்கு என்ன வேணும்னு அஞ்சு தடவை கேட்டேன், என்கிட்ட யாரும் இதைக் கேட்டதில்லை சார்னார். அப்புறம்தான் சொன்னார். அந்த ஊர் ஸ்கூல் லீவு ரெண்டு மாசமும் குழந்தை இங்க இவரோட இருக்கணும். அதை எழுதினா மத்ததுக்குச் சம்மதம்.' ரெண்டு மாசமா, முடியாது, ஒரு மாசம்! 'ரெண்டு!' ஒண்ணரை! 'ரெண்டு மாசம் மங்க, ஒரு நாள் குறையாது.' இவர்தானா இது? வக்கீலுங்க ரெண்டு பேரும் அவர் பக்கமும் என் பக்கமும் மாறி மாறித் திரும்புறாங்க, டவாலி வந்து சத்தம் போடாதீங்கன்னு விரலை உதட்டுல வெக்கிறார், நான் கையைத் தூக்கி சரி ரெண்டு, எழுதுங்கன்னேன். தோத்துட்டேன். இவ்வளவு நல்லா நான் எதுலயும் தோத்ததில்லை. ஜெரால்டின் மேடம் அங்கேயே சுவத்துல வெச்சு எழுதுறாங்க, அந்த சார் ஒவ்வொரு வரிக்கும் போகிற தேதி, வர்ற தேதின்னு சொல்றார், இவங்க வெட்டுறாங்க, அவர் சேக்கிறார்.

அப்பத்தான் அவர் மெதுவாக் கேட்டார், சண்டை போடுற குரல்ல இல்ல. 'மிதுவைக் கேட்டியா?' என்னத்தை? 'அங்க வரியான்னு.' கேட்டேனே! கேட்டேன். அயர்லாந்து போறோம்டி, பனி கொட்டும், இந்தா ஸ்வெட்டர், ஜாலியா இருக்கும் சரியான்னு கேட்டேன். சரிம்மான்னுச்சு. சரிம்மா. ஐயோ. அது எந்தக் குரல்? எனக்கு இப்ப அந்தக் குரல் காதுல கேக்குது, யார் குரல்னு தெரியுது, காலையில ஜட்ஜம்மா முன்னாடி கேட்டேனே, அதே குரல். வேர்க்க வேர்க்க அந்த ஸ்வெட்டரைக் கழட்டாம நடந்தாளே, ஆசையில போட்டிருந்தாளா, நான் போட்டு விட்டேன்னு போட்டிருந்தாளா? ஞாயித்துக்கிழமை நாலு மணி நேரம் ரயில் பாக்கிறாங்களே, அப்ப அங்க என்ன பேசுவா, இவர்கிட்ட என்ன சொல்லியிருப்பா? எதுவும் சொன்னாளான்னு கேட்டேன். இல்ல, அவ என் பொண்ணாச்சேன்னார், லேசாச் சிரிச்சார். சபியுல்லா சார் அவசரமா, 'அது நிபந்தனை இல்லம்மா, அவர் கேக்கிறார் அவ்வளவுதான், ரெண்டு மாசம் எழுதியாச்சு, கையெழுத்துப் போடுறார்'னு பேனாவை நீட்டினார். இந்த தடவை அவர் வாங்கி, முழுசாப் படிச்சு, உதடு அசைய அசையப் படிச்சு, ஒரு இடத்துல நிறுத்தி இது என்ன சார்னு கேட்டு, அப்புறம் போட்டார். நானும் போட்டேன்.

மறுபடி உள்ள. மணி நாலாகப் போகுது. ஜட்ஜம்மா புது மெமோவைப் படிச்சுட்டு, இப்ப நல்லா இருக்குன்னாங்க. குணசீலன், இதுல என்ன எழுதியிருக்குன்னு நீங்க சொல்லுங்கன்னாங்க, என் வார்டுல நான் கேக்கிற மாதிரியே, அவர் சொன்னார், கோர்வையா, ஒரு வார்த்தை விடாம, நிரந்தரமாகங்கிற இடத்துல மட்டும் தொண்டையைச் செருமிட்டு. வேற ஏதாவது உண்டான்னு கேட்டாங்க. நான் ஜெரால்டின் மேடம் காதுல, மிதுவையும் கேக்கச் சொல்லணும்னு சொன்னேன். அவங்க எனக்கு மட்டும் கேக்கிற மாதிரி, 'இன்னைக்கே உத்தரவு வாங்கிடலாம் மங்கை, எல்லாம் சரியா இருக்கு, யாரும் ஆட்சேபிக்கலை. குழந்தையைப் பாக்கச் சொன்னா, அவ சொல்றதை ஜட்ஜம்மா காதுல போட்டுக்குவாங்க, அப்புறம் நான் உங்களுக்கு உத்தரவாதம் சொல்ல முடியாது. முடிவு உங்களோடது,' அப்படின்னாங்க. இன்னைக்கு வாங்கிடுடி, வாங்கிடு, வாங்கிட்டு ஓடு. 'அம்மா, நீங்க எங்க பொண்ணுகிட்டயும் ஒரு வார்த்தை கேக்கணும்மா. நாங்க ரெண்டு பேரும் பக்கத்துல இல்லாம.' ஜட்ஜம்மா ரெண்டு பேரையும் பாத்தாங்க, நோட்டுல குறிச்சாங்க. நாளைக்குக் காலையில பத்தரை மணி. எங்க ரெண்டு வக்கீலும் வருவாங்க, நான் வெளிய நிக்கணும், அவரும் வெளிய நிக்கணும், மிது மட்டும் உள்ள போவா. அவ என்ன சொல்லுவான்னு எனக்குச் சத்தியமாத் தெரியாது.